லினக்ஸ் அப்கிரேட்: ‘ஒய்’ அழுத்தும் முன் இந்தப் பட்டியலைப் பாருங்க!

பெங்களூரு மார்க்கமாகப் போகும் வெளியூர் பஸ்களைக் கோயம்பேட்டிலிருந்து மாற்றுவதற்காகத் திட்டமிடப்பட்டதுதான் குத்தம்பாக்கம் பேருந்து முனையம். வெளியூர் பஸ் மட்டும் இடம் மாறி, அம்பத்தூர், ஆவடி டவுன் பஸ் மாறலைன்னா? பயணி நடுவழியில் நிற்க வேண்டியதுதான். கம்ப்யூட்டரில் சிஸ்டம் லைப்ரரியை அப்கிரேட் பண்ணும்போது வரும் சிக்கலும் இதே கதைதான்.

நமக்கு ஏன் இது முக்கியம்?

2011-ல் தொடங்கிய தமிழக அரசின் இலவச லேப்டாப்களில் விண்டோஸுடன் ‘பாஸ்’ லினக்ஸும் இருந்தது. 2014 ஏப்ரல் 8-ல் விண்டோஸ் எக்ஸ்பிக்கான ஆதரவு முடிந்தபோது, அரசு அலுவலகங்களுக்கும் பாஸ் லினக்ஸே பரிந்துரைக்கப்பட்டது. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய இது, டெபியன் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டது.

சிக்கல் எங்கே வருது?

ஒரே லைப்ரரியைப் பல மென்பொருட்கள் பங்கு போட்டுப் பயன்படுத்தும். ஒன்று புதிய பதிப்பைக் கேட்கும், இன்னொன்று பழையதுதான் வேணும்னு நிற்கும். அதுதான் மோதல்.

உதாரணம், 2038 பிரச்னை. 32-பிட் எண்ணில் நேரத்தைக் கணக்கிடும் மென்பொருட்கள் 2038 ஜனவரி 19-ம் தேதி, இந்திய நேரப்படி காலை 8.44-க்குத் தடுமாறும். இதைத் தவிர்க்க, 2024-ல் டெபியன் ஏராளமான லைப்ரரிகளைப் பெயர் மாற்றி வெளியிட்டது. மாற்றம் பாதியில் இருந்தபோது அப்கிரேட் செய்யப் போனவர்கள், நீளமான ‘நீக்கப்படும்’ பட்டியலைப் பார்த்தார்கள்.

ஒய் அழுத்தினால்?

2021-ல் யூடியூபர் லைனஸ் செபாஸ்டியன், ‘பாப் ஓஎஸ்’ லினக்ஸில் ஸ்டீம் கேம் செயலியை நிறுவினார். மோதலைத் தீர்க்க டெஸ்க்டாப்பையே நீக்கப் போவதாகக் கம்ப்யூட்டர் எச்சரித்தது. அதையும் மீறி அவர் சம்மதம் டைப் செய்ய, டெஸ்க்டாப் காணாமல் போனது.

என்ன செய்யணும்?

* முதலில் ஃபைல்களைப் பேக்கப் எடுங்க.
* வெளியிலிருந்து சேர்த்த மென்பொருள் களஞ்சியங்களைத் தற்காலிகமாக நிறுத்துங்க. பெரும்பாலும் மோதல் அங்கிருந்துதான் வரும்.
* பதிப்பைத் தாண்டிக் குதிக்காதீங்க. டெபியன் 11-லிருந்து 12, அப்புறம்தான் 13.
* முதலில் ‘ஆப்ட் அப்கிரேட்’. இது எதையும் நீக்காது. அடுத்து ‘ஃபுல் அப்கிரேட்’. இது தேவைப்பட்டால் நீக்கும். அதனால் சிமுலேட் முறையில் ஒருமுறை ஒத்திகை பாருங்க.
* நீக்கப்படும் பட்டியலில் டெஸ்க்டாப் அல்லது தினமும் பயன்படுத்தும் மென்பொருள் இருந்தால், ‘என்’ அழுத்தி நிறுத்துங்க.
* பழைய பதிப்பு கட்டாயம் வேணும்னா, அதைக் கன்டெய்னரில் தனியாக ஓட்டுங்க. வலுக்கட்டாயமாக நிறுவ வேண்டாம்.

கம்ப்யூட்டர் போடும் கணக்கு பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். ஆனா, உங்களுக்கு எது முக்கியம்னு அதுக்குத் தெரியாது. அதை முடிவு பண்ண வேண்டியது நீங்கதான்.