பாதை போட்டால் போதுமா?

கல்பாக்கத்து அணுசக்தி ஊழியர்களுக்காக எழுந்த குடியிருப்பு அணுபுரம். திட்டம் போட்டுக் கட்டியது. நடக்கத் தெருவுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அங்கேயும், தனியாக நின்று பிள்ளை வளர்க்கும் ஒருத்தி விடியற்காலையில் உலாவப் போவதென்றால் தூங்குகிற குழந்தையை யாரிடம் விட்டுப் போவாள்?

‘அரை மணி முன்னால் எழுந்தால் என்ன?’ என்கிறார்கள் நம் உபதேசிகள். அவளுடைய அரைகுறைத் தூக்கத்தில்தானா இவர்கள் கை வைக்க வேண்டும்? ‘வீட்டு வேலையே தேகப்பயிற்சிதானே’ என்கிறது இன்னொரு கூட்டம். அப்படியானால் அந்தப் பாக்கியத்தை ஆண்கள் ஏன் இவ்வளவு தாராளமாக விட்டுக்கொடுத்தார்கள்? 2024-இல் மத்திய அரசு எடுத்த கணக்கெடுப்பின்படி, கூலியில்லாத வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக அதற்குச் செலவிட்டது 289 நிமிஷம்; ஈடுபட்ட ஆண்கள் 88. தனித்து நிற்பவளுக்கு அந்த 88-ம் துணைக்கு இல்லை.

உலகச் சுகாதார நிறுவனம் கேட்பதோ வாரத்துக்கு 150 நிமிஷம். நாளுக்கு 22கூட ஆகாது. தொடர்ந்து பத்து நிமிஷமாவது செய்தால்தான் கணக்கு என்ற பழைய நிபந்தனையையும் 2020-இல் அது கைவிட்டது. பஸ்ஸுக்கு விரைந்து நடக்கும் ஐந்து நிமிஷமும் சேர்மானந்தான். இவ்வளவு சொற்பத்தைக்கூட அவள் திருடித்தான் எடுக்க வேண்டுமா?

2023-இல் தமிழக அரசு மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதைத் திட்டம் தொடங்கியது. நல்ல காரியம். ஆனால் பாதை குழந்தையைப் பார்த்துக்கொள்ளாதே, ஐயா! அதன் ஓரத்தில் பிள்ளைகளை விட ஓர் இடமும், பார்த்துக்கொள்ள ஓர் ஆளும் வையுங்கள். அலுவலகங்கள் வேலை நேரத்திலேயே இருபது நிமிஷம் கொடுக்கட்டும். முடியாதா? அப்படியானால் உபதேசத்தையாவது நிறுத்துங்கள்.