மலை யாருடையதுன்னு சண்டை போடுறதுக்கு முன்னாடி

நம்ம கோவில் வாட்ஸ்அப் குழுவில் நேற்று மறுபடியும் அதே செய்தி: ஃபோர்ட் கேனிங் மலை சோழன் ஆண்ட இடமாம், எல்லாருக்கும் அனுப்பணுமாம். அன்னதானத்துக்குக் காய் நறுக்கும்போதும் அதே பேச்சு. மனசில் பட்டதைச் சொல்லிடுறேன், கோவிச்சுக்காதீங்க.

சோழன் அங்கே ஆண்டதற்கு ஆதாரம் கிடையாது. 14ஆம் நூற்றாண்டில் அது இந்தத் தீவின் மன்னர்கள் வாழ்ந்த மலை. மலாய்க்காரர்கள் புக்கிட் லாராங்கான், அதாவது தடைசெய்யப்பட்ட மலை, என்றார்கள். 1822ல் கிராஃபர்ட் ஏறிப் பார்த்தபோதும் பழைய தோட்டத்துப் பழமரங்கள் நின்றன. 1928ல் தோண்டியபோது கிடைத்த தங்கக் கைவளையில் காலன் முகம் இருக்கு. நம்ம கோவில்களில் பார்க்கிற கீர்த்திமுகத்துக்குச் சொந்தம்தான், ஆனா ஜாவா பாணி. பெருமைப்படலாம். பட்டா கேட்க முடியாது.

அந்த அரச தோட்டத்தைத்தான் வெள்ளைக்காரன் கோட்டையாக்கினான். 1942 பிப்ரவரி 15 காலையில், அதே மலைக்குள்ளே, தரைக்கு 9 மீட்டர் கீழே பதுங்கறையில்தான் பெர்சிவல் சரணடைய முடிவெடுத்தார். இப்போ அது அருங்காட்சியகம். போய் செல்ஃபி எடுத்துட்டு வர்றோம்.

சரி, அந்தப் போரில் செத்தவங்க எங்கே? மார்சிலிங்கிலிருந்து ஒரே ஒரு ஸ்டேஷன். கிராஞ்சி. அங்கே சுவர்களில் 24,000க்கும் மேற்பட்ட பெயர்கள், கல்லறைகூட இல்லாதவர்கள். அதுக்குப் பின்னாடி இன்னொரு நினைவிடம் இருக்கு. ஏறக்குறைய 800 பேர், பெரும்பாலும் இந்தியப் படையினர். அவங்க மத வழக்கப்படி தீயில் இடப்பட்டவங்க. நாலு வருஷமா பூ கொண்டு போறேன். ஆஸ்திரேலியப் பெரியவர்கள் பஸ்ஸில் வந்து இறங்குறாங்க, பள்ளிப் பிள்ளைங்க வர்றாங்க. நம்ம கோவில் முகம் ஒண்ணுகூடப் பார்த்ததில்லை.

கேட்டா, "வெள்ளைக்காரன் சம்பளத்துக்குச் சண்டை போட்டவங்கதானே"ன்னு ஒரு அண்ணன் சொன்னார். அண்ணே, நம்ம தாத்தா மட்டும் யார் சம்பளத்துக்குக் கப்பல் ஏறினார்?

இருந்தானா இல்லையான்னே தெரியாத ராஜாவுக்கு நூறு பேருக்குச் செய்தி அனுப்புறோம். பெயர் பொறிச்சு நிக்கிறவனுக்கு ஒரு பூ இல்லை.

மகாளய அமாவாசை அன்னைக்குக் கோவிலில் தர்ப்பணம் முடிஞ்சதும் மார்சிலிங் எம்ஆர்டி கீழே நிற்பேன். பூஜை, மைக், பேனர் எதுவும் கிடையாது. பூ நான் வாங்கிடுறேன். குடை எடுத்துட்டு வாங்க, அங்கே வெயில் அதிகம்.