செயினுக்கு எண்ணெய் விட்டா மட்டும் போதுமா?

"அதான் மோட்டார் இருக்கே, அப்புறம் எதுக்கு செயினை உட்கார்ந்து துடைச்சிட்டு இருக்கே?" எலக்ட்ரிக் மவுண்டன் பைக் பற்றிப் பேச்சு எடுத்தாலே யாராவது இப்படிக் கேட்டுவிடுகிறார்கள். என் கட்சி இதற்கு நேர் எதிர். மோட்டார் இருப்பதால்தான் துடைக்கணும். சாதா சைக்கிளை விட அதிகமாகவே துடைக்கணும்.

இந்த வகை சைக்கிள்களில் பெரும்பாலும் மோட்டார், பெடல் சுற்றுகிற இடத்திலேயே நடுவில் உட்கார்ந்திருக்கும். அது தரும் இழுவையும் நம் கால் தரும் இழுவையும் சேர்ந்து ஒரே செயின் வழியாகத்தான் பின்சக்கரத்துக்குப் போகணும். ஐரோப்பியச் சட்டப்படி மோட்டார் 250 வாட்தான். ஆனால் அது தொடர்ந்து ஓடுவதற்கான கணக்கு. ஏற்றத்தில் கொஞ்ச நேரம் 500 வாட்டைத் தாண்டுகிற மோட்டார்கள் உண்டு. பாஷ் நிறுவனத்தின் பெர்ஃபார்மன்ஸ் லைன் சிஎக்ஸ் மோட்டாருக்கு 2020-லேயே 85 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. சாதாரண ஆள் ஒரு மணி நேரம் விடாமல் 200 வாட் மிதித்தாலே பெரிய விஷயம். இத்தனையையும் தாங்குகிற 12 கியர் செயினின் அகலமோ சுமார் 5.3 மி.மீ! பழைய 8 கியர் செயின் 7 மி.மீ. இருக்கும். சைக்கிள் பாகம் செய்கிறவர்களுக்கும் இது தெரியாமல் இல்லை. ஸ்ராம் நிறுவனம் 2016-ல் எலக்ட்ரிக் மவுண்டன் பைக்குக்கென்றே திரும்ப 8 கியருக்குப் போய் இஎக்ஸ்1 என்று ஒரு செட்டைக் கொண்டு வந்தது.

இதை விட முக்கியமான விஷயம் ஒன்று இருக்கிறது. சாதா சைக்கிளில் செயின் காய்ந்து போனால் முழங்கால் சொல்லிவிடும். "என்னடா இவ்ளோ கனமா இருக்கு" என்று நாமே இறங்கிப் பார்ப்போம். இதில் அப்படி இல்லை. ஈகோவிலிருந்து (நம்ம ஆளுங்களோட ஈகோ இல்லைங்க, சிக்கன மோடு) டர்போவுக்கு ஒரு பட்டனைத் தட்டினால் வண்டி பாட்டுக்குப் போகும். செயின் போடும் முனகலை மோட்டார் சத்தம் அமுக்கிவிடும். கடைசியில் ஏற்றத்தில் பல் வழுக்கும்போதுதான் தெரியும். அதற்குள் செயினோடு பின்னாடி இருக்கிற பல்சக்கர அடுக்கும் தேய்ந்திருக்கும். அந்த அடுக்கின் விலை செயினைப் போல பல மடங்கு.

"செயின் நீண்டு போச்சு" என்பார்கள். இரும்புத் தகடு ஒன்றும் ரப்பர் மாதிரி நீளுவதில்லை. உள்ளே பின்னும் அது உட்காரும் துளையும் தேய்கின்றன, கண்ணிக்குக் கண்ணி இடைவெளி கூடுகிறது, அவ்வளவுதான். ஒரு கண்ணி 12.7 மி.மீ., அதாவது அரை அங்குலம். 24 கண்ணி சரியாக 12 அங்குலம் வரணும். ஒரு ஸ்கேலை வைத்து அளந்து பாருங்கள். ஒன்றரை மி.மீ. அதிகம் காட்டினால் புதுச் செயின் வாங்கும் நேரம் வந்தாச்சு.

தேய்வது உள்ளே என்றால் எண்ணெய் வேண்டியதும் உள்ளேதான். நம் ஊர் சைக்கிள்களில் செயின் கவர் இருக்கும், எண்ணெய்க் கேனை வைத்து நாலு அமுக்கு அமுக்கினால் வேலை முடிந்தது. அதே பழக்கத்தை மண்பாதையில் திறந்து கிடக்கும் செயினிடம் காட்டினால் என்ன ஆகும்? வெளியே வழிகிற எண்ணெயில் மணல் ஒட்டும். எண்ணெயும் மணலும் சேர்ந்தால் அது உப்புத்தாள் பசை. அழுக்குச் செயின் மேல் எண்ணெய் விடுவதை விட எண்ணெயே விடாமல் துடைத்து வைப்பது மேல் என்பேன். சண்டைக்கு வர்றவங்க வரலாம் :-)

துடைப்பதும் பெரிய வித்தை இல்லை. முதலில் சுவிட்சை அணைத்து பேட்டரியைக் கழற்றி விடுங்கள். பெடலைச் சுற்றும்போது மோட்டார் உதவிக்கு வந்தால் விரல் போய்விடும். சில மோட்டார்களில் பெடலைப் பின்னோக்கிச் சுற்றினால் செயின் நகராது, பின்சக்கரத்தைத் தூக்கி வைத்து முன்னோக்கித்தான் சுற்றணும். பழந்துணியால் செயினைப் பிடித்துக்கொண்டு கறுப்பு வருவது குறையும் வரை சுற்றுங்கள். அதிக அழுக்கென்றால் சோப்புத் தண்ணீரும் பழைய டூத் பிரஷ்ஷும் போதும். பிரஷர் வாஷர் மட்டும் வேண்டவே வேண்டாம், தண்ணீர் மோட்டார் பேரிங்கையும் தேடிப் போகும். நன்றாகக் காய்ந்ததும் ஒவ்வொரு உருளைக்கும் ஒரே ஒரு சொட்டு. கொஞ்ச நேரம் ஊற விட்டு, வெளிப்பக்கம் இருப்பதை மறுபடி துடைத்து எடுத்துவிடுங்கள். புழுதிக் காலத்துக்கு மெழுகு வகை, மழைக்குக் கெட்டி எண்ணெய்.

டபிள்யூடி-40 அடிக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: அந்தப் பெயரே தண்ணீரை விரட்டுவது என்ற அர்த்தத்தில் வந்ததுதான். 1953-ல் உருவானது, அட்லஸ் ஏவுகணையின் மேல்தோல் துருப்பிடிக்காமல் இருக்கப் பயன்பட்டது. அழுக்கைக் கரைக்க அடித்துக்கொள்ளலாம். அந்த நீலமஞ்சள் டப்பாவை மட்டும் நம்பி மலை ஏறாதீர்கள். அதே நிறுவனமே சைக்கிள் செயினுக்குத் தனி எண்ணெய் விற்கிறது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

புதுச் செயினை பெட்ரோலில் ஊறப் போடும் கோஷ்டியும் ஒன்று உண்டு. தீப்பிடிக்கும் ஆபத்து ஒருபக்கம், ஃபேக்டரியில் உள்ளே ஏற்றி அனுப்பிய கிரீஸும் போச்சு. மெழுகில் முக்கி எடுப்பவர்கள் கதை வேறு, அவர்கள் அதைக் கழுவித்தான் ஆகணும். மற்றவர்கள் வெளியே மட்டும் துடைத்துவிட்டு ஓட்டலாம்.

ஸ்ப்ரே அடிக்கிறவர்கள் பின்பக்க பிரேக் டிஸ்க்கை ஒரு பிளாஸ்டிக் பையால் மூடிவிட்டு அடியுங்கள். அதில் எண்ணெய் பட்டால் செயின் அருமையாக ஓடும், வண்டிதான் நிற்காது.