ரேஷன் அரிசியைக் காய்ச்சி மோட்டார் ஓட்டுவதா?

பெட்ரோல் பங்க்கில் நாம் வாங்கும் ஐந்து லிட்டரில் ஒரு லிட்டர் பெட்ரோலே அல்ல. எத்தனால் என்னும் எரிசாராயம்! நூற்றுக்கு 20 கலப்பு என்ற இலக்கை 2025-லேயே எட்டிவிட்டதாக மத்திய சர்க்கார் முரசு கொட்டுகிறது. அந்த ஒரு லிட்டர் எதிலிருந்து வந்தது? சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகிலிருந்து வந்தால் நமக்கும் சந்தோஷமே. ஆனால் அரிசியிலிருந்தும் வருகிறது. அரிசியை மாவாக்கி வேகவைத்து, ஈஸ்ட் போட்டுப் புளிக்க வைத்து, காய்ச்சி வடிக்கிறார்கள். (இந்த வித்தையைப் புதுவைக்காரருக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை!) ஒரு லிட்டருக்கு இரண்டு கிலோவுக்கு மேல் அரிசி போகிறது.

எந்த அரிசி? இந்திய உணவுக் கழகத்தின் கிடங்கு அரிசி! 2024-25 எத்தனால் ஆண்டுக்கு 52 லட்சம் டன் ஒதுக்கினார்கள். விலை கிலோ 22 ரூபாய் 50 காசு. அதே அரிசியைக் கொள்முதல் செய்து, சேமித்து, ஏற்றி இறக்கக் கழகத்துக்கு ஆகும் செலவு ஏறத்தாழ 40 ரூபாய். மீதிப் பணம் யாருடையது? சோப்புக் கட்டிக்கும் வரி கொடுக்கிற மக்களுடையது!

புதுவையில் நடந்ததை நினைத்துப் பாருங்கள், தோழர்களே! 2015 செப்டம்பரில், ரேஷன் அரிசியை நிறுத்திப் பாங்கியில் பணம் போடும் பரீட்சைக்கு நம்மையும் சண்டிகரையும்தான் முதலில் பிடித்தார்கள். ரேஷன் கடைகள் ஆண்டுக்கணக்கில் பூட்டிக் கிடந்தன. இடையில், 2020 ஏப்ரலில் ரோடியர் மில்லும் மூடப்பட்டது. கூலியும் போய், கடையும் இல்லை. 2024 அக்டோபரில்தான் ரேஷன் கடைக் கதவு மறுபடி திறந்தது. ஏழைக்குப் பணமாகத் தருவதே சிலாக்கியம் என்றவர்களைக் கேட்கிறோம்: சாராய ஆலை முதலாளிக்கு மட்டும் ஏன் அரிசியாகத் தருகிறீர்கள்?

கிடங்கில் அரிசி மிஞ்சிவிட்டது என்கிறார்கள். மிஞ்சியதா, மிச்சம் பிடித்ததா? 2013-ம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் பயனாளிகளை இன்னும் 2011 ஜனத்தொகைக் கணக்கை வைத்தே வரையறுக்கிறார்கள். அதன் பின் பெருகிய வாய்களுக்குக் கணக்கில் இடமில்லை, மோட்டாருக்கு இடமுண்டு!

நாம் விஞ்ஞானத்துக்கு விரோதிகளல்ல. கழிவிலிருந்து எரிபொருள் எடுக்கலாம், எடுக்கவே வேண்டும். 2022 ஆகஸ்டில் பானிப்பட்டில் இந்தியன் ஆயில் திறந்த ஆலை, ஆண்டுக்கு 2 லட்சம் டன் வைக்கோலிலிருந்து 3 கோடி லிட்டர் எத்தனால் எடுக்கத் திட்டமிட்டுக் கட்டப்பட்டது. வைக்கோலில் முடியுமென்றால் சோற்றில் ஏன் கை வைக்க வேண்டும்? (வைக்கோலையும் ஒரேயடியாக வாரிக்கொண்டு போகச் சொல்லவில்லை. பாகூர்ப் பக்கத்துக் கூலிக்காரர் வீட்டு மாடு அதை நம்பித்தான் நிற்கிறது.) கழிவிலிருந்து எரிவாயு எடுக்க 5,000 நிலையங்கள் 2023-க்குள் எழும் என்று 2018-ல் சொன்னார்கள். கெடு முடிந்தபோது பத்தில் ஒரு பங்குகூட எழவில்லை. அரிசி சுலபம், குப்பை கஷ்டம். முதலாளிக்குச் சுலபமானதே சர்க்காருக்குத் தேசபக்தி!

அரவை நின்று ஆண்டுகள் பலவாகிவிட்ட லிங்காரெட்டிப்பாளையம் கூட்டுறவுச் சர்க்கரை ஆலையை ஓட்டுங்கள். சக்கையும் கழிவுப்பாகும் கிடைக்கும், கரும்பு விவசாயிக்கும் பிழைப்பு கிடைக்கும். பெரிய மார்க்கெட்டின் அழுகிய காய்கறியைக் குருமாம்பேட்டுக் குப்பை மேட்டில் கொட்டி நாற வைப்பதற்குப் பதில், மூடிய தொட்டியில் புளிக்க வைத்து எரிவாயு எடுங்கள். அதை நகராட்சியே நடத்தட்டும். குப்பை அள்ளும் தொழிலாளிகளுக்கு அங்கே நிரந்தர வேலை கொடுக்கட்டும். கிடங்கு அரிசி ரேஷன் கடைக்கு வரட்டும்!