பிரஷர் மாத்திரை வாங்கற எடத்துலயே ஒரு நாற்காலி

கிராமத்துல கண் ஆபரேஷன் முகாம்னா கூட்டம் அள்ளும். சர்க்கரை, பிரஷர் பாக்கறதுன்னாலும் வரிசை நிக்கும். "இலவச மனநல ஆலோசனை"ன்னு ஃப்ளெக்ஸ் கட்டினா மட்டும் ஒருத்தரும் எட்டிப் பாக்க மாட்டாங்க. எங்க பக்கத்துல அப்படி ஒரு முகாம் நடந்தப்போ பக்கத்துத் தோட்டத்து அண்ணனைக் கூப்பிட்டேன். "எனக்கென்ன கிறுக்கா புடிச்சிருக்குது?"ன்னுட்டு வண்டிய எடுத்துட்டுப் போயிட்டார். கடன்ல மாட்டி ரெண்டு வருசமா ராத்தூக்கம் இல்லாம களத்துல நடந்துட்டு இருக்கற மனுசன்.

இதைப் படிக்கற டவுன்காரங்க, "விழிப்புணர்வு பத்தலை"ம்பீங்க. எனக்கு அப்படித் தோணலை. அவருக்கு எல்லாம் தெரியும். பள்ளிக்கூடத்து மைதானத்துல, வெட்டவெளியில நாற்காலி போட்டிருக்காங்க. அங்க போய் உக்காந்தா சாயங்காலத்துக்குள்ள டீக்கடைக்குச் சேதி போயிரும். நாளைக்குப் பொண்ணு பாக்க வர்றவன் முதல்ல விசாரிக்கறது அதே டீக்கடையிலதான். வீட்டுல கல்யாண வயசுல பொண்ண வச்சிருக்கறவர் போட்ட கணக்கு அது. காசு வேண்டாம்னு சொல்லிட்டா இலவசம் ஆயிராது. மானம் ஒரு செலவுதானே?

அரசாங்கம் ஒண்ணும் செய்யலைன்னு சொல்ல வரலை. மாவட்ட மனநலத் திட்டம் 1996-ல நாட்டுல நாலு மாவட்டத்துல ஆரம்பிச்சப்போ அதுல நம்ம திருச்சியும் ஒண்ணு. 2022 அக்டோபர்ல இருந்து 14416-ங்கற நம்பர் இருக்குது. டெலி மானஸ்னு பேரு. ராப்பகல் எந்நேரமும் கூப்பிடலாம், காசில்லை, தமிழ்லயே பேசலாம். இதைப் படிக்கறவங்க யாருக்காவது இன்னிக்கு மனசு தாங்கலைன்னா முதல்ல அந்த நம்பரைப் போடுங்க, மீதிய அப்புறம் படிச்சுக்கலாம்.

ஆனா போன்ல பேசறதுக்கும் தனியா ஒரு எடம் வேணுமுங்க. நானா இருந்தா கெணத்து மேட்டுல நின்னு பேசிருவேன். வீட்டுக்கே ஒரு போன், திண்ணையில மாமியார், உள்ள புருசன்னு இருக்கற பொம்பளைக்கு அந்த வசதி எங்க? அவங்க "மனசு சரியில்லை"ன்னு சொல்றதே இல்லை. "நெஞ்சு படபடங்குது", "ஒடம்பெல்லாம் நோவுது"ன்னு ஊசி போட்டுட்டு வந்துருவாங்க. ஆம்பளைங்க பாதிப் பேருக்கு டாஸ்மாக்தான் டாக்டர்.

ஆப்பிரிக்காவுல ஜிம்பாப்வேன்னு ஒரு நாடு. அங்க டிக்சன் சிபாண்டாங்கற மனநல மருத்துவர், டாக்டருங்க பத்தாததால 2006-ல ஒரு வேலை பண்ணினார். உள்ளூர்ப் பாட்டிமாருக்குப் பயிற்சி குடுத்து, ஆஸ்பத்திரிக்கு வெளிய மரபெஞ்சுல உக்கார வச்சார். மனச்சோர்வுங்கற வார்த்தையே அங்க எடுக்கறதில்லை. "ரொம்ப யோசிக்கறது"ன்னு அர்த்தம் வர்ற அவங்க பாசைச் சொல்லைத்தான் வச்சுக்கிட்டாங்க. நம்மூர்ல "ஒரே ரோசனையாவே இருக்கான்"னு சொல்றோமே, அதேதான். அது பலன் குடுக்குதுன்னு 2016-ல ஆராய்ச்சியும் வந்துருச்சு.

அதை அப்படியே இங்க கொண்டாந்தா நடக்குமா? நடக்காதுங்கறது என் எண்ணம். எங்க ஊர்ப் பாட்டி யாருக்காவது அத்தை, யாருக்காவது பெரியம்மா. பங்காளிச் சண்டையில ஒரு பக்கம் நின்னவங்களா இருப்பாங்க. ஜாதி வேற. கேக்கறவங்க நாலு ஊர் தள்ளி இருந்து வரணும். யார் வீட்டுல என்ன கஷ்டம்னு தெரிஞ்சவங்க மட்டும் உள்ளூர்ல இருந்தாப் போதும். அதுக்கு ஆள் இருக்காங்க. மக்களைத் தேடி மருத்துவத்துல வீடு வீடா பிரஷர் மாத்திரை கொண்டு வர்ற பொண்ணுங்களுக்குத் தெரியாத வீடு கிடையாது. அவங்க காதோட "செவ்வாக்கெழம மாத்திரை வாங்கற எடத்துக்கு ஒரு எட்டு வந்துட்டுப் போங்க"ன்னு சொன்னாப் போதும். போர்டு வேண்டாம், ஃப்ளெக்ஸ் வேண்டவே வேண்டாம்.

பசங்க கதை வேற. பள்ளிக்கூடத்துல ஆலோசனைன்னா பெரும்பாலும் வாத்தியார்தான் குடுக்கறார். மார்க் போடறவர்கிட்டயே பையன் எப்படி மனசைத் திறப்பான்? அடுத்த மீட்டிங்ல அப்பன்கிட்ட சொல்லிருவாரோன்னு பயம் இருக்காதா? அதுல ஒரு நுணுக்கமும் இருக்குது. ஒரு கொழந்தை தனக்கு நடந்த பாலியல் கொடுமையைச் சொன்னா, போக்சோ சட்டப்படி கேட்டவங்க புகார் குடுத்தே ஆகணும். "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்"னு முதல்லயே சத்தியம் பண்ணக் கூடாது. இதெல்லாம் பயிற்சி எடுத்தவங்களுக்குத்தான் தெரியும், நல்ல மனசு மட்டும் பத்தாது.

எனக்கு அதை விடக் கவலை பள்ளிக்கூடத்துலயே இல்லாத பையன்தான். ரிசல்ட் வர்ற அன்னிக்கு டிவியில எல்லாரும் ஆலோசனை சொல்றாங்க. ஃபெயிலானவன் ஜூன் மாசம், கூட்டாளிங்க காலேஜ் பஸ் ஏறும்போது, வீட்டுல தனியா உக்காந்திருப்பான். அப்ப யாரும் வர்றதில்லை. கொஞ்ச நாள்ல திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போயிருவான். பள்ளிக்கூடத்து ஆலோசகர் எத்தனை நல்லவரா இருந்தாலும் அவன் கண்ணுல படமாட்டார். ஆனா அவன் தெனமும் சாயங்காலம் சொசைட்டிக்குப் பால் ஊத்த வர்றான்.

அதனாலதான் கேக்கறேன். இதைப் படிக்கறவங்கள்ல உளவியல் படிச்சு வேலை பாக்கறவங்க இருப்பீங்க, சொந்த ஊர்னு ஒண்ணு உங்களுக்கும் இருக்கும். மாசம் ரெண்டு சாயங்காலம், ஒரு வருசத்துக்கு விடாம ஏதாவது ஒரு ஊருக்கு வர முடியுமா? உங்க ஊரே வேண்டாம், அங்க உங்களையும் எல்லாருக்கும் தெரியும். ஒரே தடவை வந்து போட்டோ எடுத்துட்டுப் போறதுன்னா வேண்டாமுங்க, அது ஏற்கனவே நடந்துட்டு இருக்குது.

எங்க சொசைட்டிக்குப் பின்னால தீவனமூட்டை அடுக்கற ரூம் ஒண்ணு இருக்குது. மாத்திரை குடுக்கற பொண்ணு மழைக்காலத்துல அங்கதான் உக்காரும். மூட்டையை ஓரமா நகத்தினா ரெண்டு நாற்காலி போடலாம். கதவு நல்லா சாத்தும். செயலாளர்கிட்ட பேசிட்டேன், சாவி தர்றேன்னு சொல்லியிருக்கார்.