படம் பார்த்தாச்சு, புத்தகம் எதற்கு?



சென்ற வாரம் முடித்தது பூமணியின் ‘வெக்கை’. 1982இல் வந்த நாவல். கையில் பார்த்தவர்களெல்லாம் ஒரே கேள்விதான் கேட்டார்கள்: “அதான் அசுரன் படம் வந்துடுச்சே சார்?”

வந்தது, 2019இல். நல்ல படம்தான். ஆனால் அங்கே தகப்பன்தான் நாயகன். நாவலோ 15 வயதுப் பையன் சிதம்பரத்தின் கதை. அண்ணனைக் கொன்ற வடக்கூரானை அவன் வெட்டிச் சாய்ப்பது தொடக்கத்திலேயே முடிந்துவிடுகிறது. மிச்சமெல்லாம் அய்யாவும் மகனும் காட்டிலும் மலையிலும் ஒளிந்து திரியும் நாட்கள். எங்கே படுப்பது, எதைப் பொங்கித் தின்பது, அம்மாவும் தங்கச்சியும் என்ன ஆனார்களோ என்ற தவிப்பு. கொலை செய்துவிட்டு வந்த பிள்ளையை ஒரு தகப்பன் திட்டாமல் பார்த்துக்கொள்கிறாரே, அதைச் சண்டைக்காட்சியில் காட்ட முடியாது. இரண்டு இடத்தில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன், மேலே போக மனசு வரவில்லை.

படம் பார்த்தவர்கள்தான் இதை முதலில் படிக்க வேண்டும் என்பேன்.

வாரத்துக்கு இத்தனை புத்தகம் என்று கணக்கு வைத்துப் படிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. வெக்கை சிறிய நாவல்தான், ஒரே மூச்சில் முடிக்கலாம். நான் ஒரு வாரம் எடுத்துக்கொண்டேன். கதையே எட்டு நாள் நடக்கிறது, நமக்கென்ன அவசரம்?

இந்த வாரம் அவருடைய ‘பிறகு’ (1979). நாளுக்கு 20 பக்கம், காலைக் காப்பிக்குப் பிறகு. (தலைப்பு தானாக அமைந்துவிட்டது!) சாகித்ய அகாதெமி விருது வாங்கிய ‘அஞ்ஞாடி’ ஆயிரம் பக்கத்துக்கு மேல். அதற்கு இப்போதைக்குத் திட்டம் எதுவும் போடவில்லை. பொங்கல் கழியட்டும்.