ஹவுஸ் சர்ஜன்: கத்துக்க வந்தவரா, வேலைக்கு வந்தவரா?

அரசு மருத்துவமனை வார்டுக்குப் போயிருந்தா இவங்களைப் பார்த்திருப்பீங்க. கழுத்தில் ஸ்டெதஸ்கோப், ஒரு கையில் ரத்த சாம்பிள், இன்னொரு கையில் கேஸ் ஷீட், வார்டுக்கும் லேபுக்கும் நடுவே ஓட்டம். இவங்கதான் ஹவுஸ் சர்ஜன்கள், அதாவது பயிற்சி மருத்துவர்கள்.

எம்.பி.பி.எஸ் ஐந்தரை வருடப் படிப்பு. அதில் கடைசி 12 மாதம் இந்தப் பயிற்சி. இதை முடித்தால்தான் நிரந்தரப் பதிவு. அப்புறம் தனியாக கிளினிக் வைக்கலாம், கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் தனி ஆளாக நைட் ட்யூட்டி பார்க்கலாம். பலருக்கு, பக்கத்தில் சீனியர் இருக்கும்போதே தப்பைத் திருத்திக்கொள்ளக் கிடைக்கும் கடைசி வருடம் இது.

தேசிய மருத்துவ ஆணையத்தின் 2021 விதிமுறையைப் படித்தால் எல்லாம் சரியாகத்தான் இருக்கு. சமூக மருத்துவத்தில் 12 வாரம், பொது மருத்துவத்தில் 6, அறுவை சிகிச்சையில் 6 என நீளும் பட்டியல். செய்ததைப் பதிய லாக் புக். நடப்பது என்ன?

என் சித்தி பொண்ணு இப்போ ஹவுஸ் சர்ஜன். "வென்ஃப்ளான் போட யார் சொல்லிக்கொடுத்தா?"னு கேட்டேன். "முதல் நாள் ஒரு பிஜி மேடம் காட்டினாங்க. அப்புறம் நானேதான்." சரி, ஊசி கைப்பழக்கம், வந்துடும்னு வைங்க. ஆனா ஒரு ராத்திரி, அப்பா இறந்துட்டார்னு ஒரு குடும்பத்துக்கிட்ட சொல்லும் வேலையும் அவளுக்கு வந்தது. சீனியர் வேறொரு எமர்ஜென்சியில். "நான் சொன்ன விதம் சரியா, தப்பானு இன்னிக்கு வரைக்கும் தெரியாதுக்கா. யாரும் கேட்கவே இல்லை."

பிரச்சினை இங்கேதான். நூறு தடவை செஞ்சா பழகிடும்னு சொல்றோம். தப்பாகச் செய்தாலும் நூறு தடவையில் பழகிடும். ஒருத்தர் பக்கத்தில் நின்று பார்த்து, 'இது சரி, இதை மாத்திக்கோ'ன்னு சொல்லும்போதுதான் வேலை பயிற்சியாகுது. இல்லைன்னா அது குறைந்த சம்பளத்துக்கு ஆள் சேர்த்த கதைதான்.

இதற்கு நடுவே நீட் பிஜி வேற. மேற்படிப்பு சீட்டைத் தீர்மானிப்பது 200 கொள்குறி வினாக்கள். வார்டில் நோயாளியிடம் எப்படிப் பேசினாய் என்பதற்கு அதில் ஒரு மார்க்கும் கிடையாது. ட்யூட்டி ரூமில் மொபைல் ஆப்பில் கேள்வி போட்டுப் பார்க்கும் ஹவுஸ் சர்ஜனை நான் குறை சொல்ல மாட்டேன்.

பிரிட்டனில் புது டாக்டர்களுக்கு இரண்டு வருட ஃபவுண்டேஷன் பயிற்சி. ஒவ்வொருவருக்கும் பொறுப்பாக ஒரு சீனியர் உண்டு. இளம் டாக்டர் நோயாளியைப் பார்ப்பதை சீனியர் ஒருவர் நேரில் கவனித்து, கருத்து சொல்லி, பதிவும் செய்யணும். அதுவும் வெறும் சடங்காகிடுச்சுன்னு அங்கேயும் புலம்பல் உண்டு. ஆனாலும் அப்படி ஒரு கட்டாயமாவது இருக்கு.

நம்ம வார்டுகளில் கூட்டம் அதிகம், சொல்லிக்கொடுக்க வேண்டிய பிஜியே தூக்கமில்லாம நிற்கிறார். உண்மைதான். ஆனா வாரத்துக்கு ஒரு நோயாளி, ஐந்து நிமிடம் முடியாதா? லாக் புக்கில் ஒரு பத்தி சேருங்க: யார் பார்த்தார், என்ன சொன்னார்?

இதைச் சித்தி பொண்ணுகிட்ட சொன்னேன். சிரிச்சா. "கடைசி வாரம்தான் மொத்தமா கையெழுத்து வாங்குவோம். அந்தப் பத்தியையும் நாங்களே நிரப்பிடுவோம்."

அதனாலதான் சொல்றேன், அதை சீனியர் தன் கையாலேயே எழுதணும்.